முப்புரிக் கயிறு: பைக்கும் குஞ்சலத்துக்கும் கையால் திரிக்கும் முறை

இல்லாததை இருப்பதாகச் சொல்லுபவனைக் 'கயிறு திரிக்கிறான்' என்று நம் ஊர்களில் சொல்லுவது வழக்கம். இவ்வழக்கு எவ்வாறு ஏற்பட்டிருந்தாலும், கயிறு திரிக்கும் தொழிலுக்கு இது சற்றும் பொருந்தாது. பொய்யை மறைக்க இடமே இல்லாத கைத்தொழில்களில் இதுவும் ஒன்று. ஒரு புரியில் இரண்டு இழை குறைந்தாலும், ஓரிடத்தில் கை தளர்ந்தாலும், முடிந்த கயிறு அதை வெளியே காட்டிவிடும். இத்தொழிலை இன்று நாம் மறுபடியும் எண்ணிப் பார்ப்பதற்குத் தக்க காரணம் ஒன்று உண்டு.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியப்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை விதிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பட்டது. இவற்றின் பயனாகத் துணிப்பை தைக்கும் வேலை பல ஊர்களில் மகளிர் குழுக்களின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆயின் அப்பைகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு முரண்பாடு தென்படுகிறது. பை பருத்தி, பையின் வாயைச் சுருக்கும் கயிறோ பல இடங்களில் நைலான் அல்லது பாலியெஸ்டர். பையைத் தைத்தவர்கள் கிராமத்தார். கயிறு நகரத்துக் கடையில் விலைக்கு வாங்கியது. துணி மக்கி மண்ணோடு சேர்ந்த பிறகும் கயிறு மக்காமல் கிடக்கும். கயிற்றுக்காகக் கொடுத்த காசும் ஊரை விட்டுப் போய்விடும்.

இக்கயிற்றைப் பருத்தி நூலில் நாமே திரித்துக்கொள்ள முடியும். அதற்கு மின்விசை வேண்டியதில்லை; விலை உயர்ந்த இயந்திரமும் வேண்டியதில்லை. ஊர்த் தச்சரும் கொல்லரும் செய்து தரக்கூடிய இரு பலகைகள், மூன்று வளைந்த கம்பிகள், ஒரு மரக்கட்டை ஆகியவையே போதும். அக்கருவியைச் செய்யும் முறையையும், அதைக் கொண்டு அழகிய முறுக்குக் கயிறு திரிக்கும் முறையையும், நூற்கணக்கையும், செய்யலாகாதவற்றையும் இக்கட்டுரையில் வரிசையாகக் காண்போம்.

கயிறு பிரியாமல் நிற்பது ஏன்?

கருவியைத் தொடுமுன் கயிற்றின் தத்துவத்தை அறிந்துகொள்வது நல்லது. ஒரு முழ நூலை எடுத்து, இரு முனைகளையும் விரல்களால் பிடித்து, நன்றாக முறுக்குவோம். முறுக்கேறிய நூலைச் சற்றே தளர்த்தினால் அது உடனே நடுவில் மடிந்து, தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். முதலில் நாம் முறுக்கிய திசைக்கு இந்தச் சுற்று எதிர்த் திசையில் அமைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கயிற்றுத் தொழில் முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியுள்ளது.

இழைகள் பல சேர்ந்து முறுக்கேறியது புரி. புரிகள் இரண்டோ மூன்றோ எதிர்த் திசையில் ஒன்றையொன்று சுற்றியது கயிறு. கயிறு பிரிய வேண்டுமானால் புரிகள் மேலும் இறுக வேண்டும். புரிகள் பிரிய வேண்டுமானால் கயிறு மேலும் இறுக வேண்டும். இவ்விரண்டு விசைகளும் ஒன்றையொன்று தடுத்து நிற்பதனால்தான் பசையின்றி, முடிச்சின்றிக் கயிறு நிலைத்து நிற்கிறது.

இதிலிருந்து ஒரு விதி தானே பெறப்படும். மூன்று புரிகளும் இழை எண்ணிக்கையிலும், நீளத்திலும், முறுக்கிலும் சமமாக இருக்க வேண்டும். ஒரு புரி நீளத்தில் குறைந்தால் பாரம் முழுவதையும் அதுவே தாங்கும்; மற்ற இரண்டும் அதன்மேல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அத்தகைய கயிறு பார்வைக்கும் கோணலாயிருக்கும். சீக்கிரத்தில் அறுந்தும் போகும். நாம் செய்யவிருக்கும் கருவியின் நோக்கமே இச்சமத்துவத்தை உண்டாக்குவதுதான்.

முதற் பயிற்சி: இருபுரிக் கயிறு

கருவி தயாராகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு பென்சில்களைக் கொண்டே முதற் பாடத்தைத் தொடங்கலாம்.

3 மீட்டர் நீளமுள்ள ஆறு இழைகளை எடுத்து, இரு முனைகளிலும் வளையம் விட்டு முடிச்சிட வேண்டும். ஒவ்வொரு வளையத்திலும் ஒரு பென்சிலைச் செருகி, இருவர் எதிரெதிரே நின்று நூலை விறைப்பாகப் பிடிக்க வேண்டும். இருவரும் தத்தம் பார்வையில் வலப்புறமாகவே பென்சிலைச் சுழற்றலாம். எதிரெதிரே நிற்பதால் இரண்டு சுழற்சிகளும் ஒரே முறுக்காகவே சேரும். சற்றுத் தளர்த்தியவுடன் நூல் தானே சுருளத் தொடங்கினால் முறுக்குப் போதும் என்று அறியலாம்.

பின்னர் நூலின் நடுவே ஒரு சாவிக்கொத்தைத் தொங்கவிட்டு, இரு முனைகளையும் மெல்ல ஒன்று சேர்க்க வேண்டும். சாவிக்கொத்து சுழலச் சுழல இருபுரிக் கயிறு உருவாகும். ஒரேயடியாக விட்டுவிடாமல், மேலிருந்து கீழாகச் சாண் சாணாக விட்டுக்கொண்டு வந்தால் முறுக்கு ஒரு சீராக அமையும். 3 மீட்டர் நூலில் 1 மீட்டருக்குச் சற்று மிகுதியான கயிறு கிடைக்கும். இரு நிறக் கயிறு வேண்டுமானால், ஒன்றரை மீட்டர் நீளத்தில் இரு நிற நூல்களை எடுத்து நடுவில் இணைத்து, அவ்விணைப்பிலேயே மடிக்க வேண்டும்.

1937-இல் வார்தாவில் வகுக்கப்பட்ட ஆதாரக் கல்வித் திட்டத்தைப் பின்பற்றிய பள்ளிகளில் தக்களி சுழற்றக் கற்றுத் தந்தார்கள். விரல் நுனியிலிருந்து இழைக்கு முறுக்கு ஏறுவதை அம்மாணவர்கள் கண்ணாரக் கண்டு பழகினார்கள். அதே பழக்கத்தை இந்தப் பென்சில் பயிற்சியும் நமக்குத் தருகிறது. ஆகவே இதைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளிவிடலாகாது.

கருவி செய்யும் முறை

கருவியின் பகுதிகள் நான்கு.

முதலாவது நிலைப்பலகை. 25 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் 2 செ.மீ. கனமும் உள்ள பலகையில், 8 செ.மீ. பக்கமுள்ள முக்கோணமாக மூன்று துளைகள் இட வேண்டும். ஒவ்வொரு துளையும் 5 மி.மீ. விட்டமுடையதாக இருக்கலாம். இப்பலகையைத் திண்ணைத் தூணிலோ கனமான பெஞ்சியிலோ அசையாதவாறு பொருத்த வேண்டும்.

இரண்டாவது வளைகம்பிகள். 4 மி.மீ. கனமுள்ள இரும்புக் கம்பியை 25 செ.மீ. நீளத்தில் மூன்று துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றின் முன்முனையையும் கொக்கியாக வளைத்து, மறுமுனையை நிலைப்பலகையின் துளை வழியே செலுத்தி, பலகையின் பின்புறம் செங்கோணமாக மடக்க வேண்டும். அங்கிருந்து 4 செ.மீ. விட்டு, மறுபடியும் பின்னோக்கி மடக்கினால் கைப்பிடி போன்ற வடிவம் கிடைக்கும். இந்த 4 செ.மீ. அளவு மூன்று கம்பிகளிலும் ஒன்றுபோலவே இருக்க வேண்டும். மயிரிழை வேறுபட்டாலும் கருவி இறுகி நிற்கும். கொக்கிக்கும் பலகைக்கும் நடுவே ஒரு வாஷர் இட்டுச் சிறிது எண்ணெய் விட்டால் மரம் தேயாது.

மூன்றாவது சுழற்றுப்பலகை. 16 செ.மீ. சதுரமான இப்பலகையில், நிலைப்பலகையில் உள்ள அதே இடைவெளியில் மூன்று துளைகள் இட வேண்டும். இரு பலகைகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டித் துளையிட்டால் அளவு தவறாது. வளைகம்பிகளின் பின்முனைகளை இத்துளைகளில் நுழைத்து, பலகையை இரு கைகளாலும் பிடித்து வட்டமாகச் சுழற்றினால், மூன்று கொக்கிகளும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், ஒரே எண்ணிக்கையில் சுழலும். மூன்று புரிகளிலும் முறுக்குச் சமமாக ஏறுவது இதனால்தான். துளைகளை ஒரே நேர்க்கோட்டில் இடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அவ்வாறு இட்டால், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை கம்பிகள் யாவும் ஒரே கோட்டில் வந்து, எத்திசையில் செல்வதென்று தடுமாறி நிற்கும். முக்கோண அமைப்பில் இத்தொல்லை இல்லை.

நான்காவது புரிகட்டை. 8 செ.மீ. நீளமுள்ள மரக்கட்டையை, ஒரு முனையில் 6 செ.மீ. விட்டமும் மறுமுனையில் 3 செ.மீ. விட்டமும் உள்ளதாகப் பம்பர வடிவில் கடைந்து, நீளவாட்டில் சம இடைவெளியில் மூன்று பள்ளங்கள் வெட்ட வேண்டும். பள்ளங்களை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். மூன்று புரிகளும் முன்கூட்டியே பின்னிக்கொள்ளாமல் பிரித்து வைப்பது இக்கட்டையின் வேலை.

இவற்றுடன் எதிர் முனைக்கு ஒரு சுழல்கொக்கி வேண்டும். ஒரு சிறு கட்டையில் துளையிட்டு, அதன் வழியே கொக்கிக் கம்பியைச் செலுத்தி, பின்புறம் வாஷர் இட்டு முனையை மடக்கினால் கொக்கி தங்கு தடையின்றிச் சுழலும். இக்கட்டையை ஒரு பலகையின்மீது பொருத்தி, பலகையின்மேல் ஒரு செங்கல்லை வைக்க வேண்டும். முறுக்கேறிப் புரிகள் குறுகும்போது செங்கற்பலகை தரையில் மெல்ல முன்னோக்கி நகரும். விறைப்பும் ஒரே நிலையில் இருக்கும். கையால் பிடித்து நிற்பதைவிட இது மேலானது. ஏனெனில் கை சோர்வடையும், செங்கல் சோர்வடையாது.

நூலும் கணக்கும்

நூலின் எண் என்பது அதன் மென்மையைக் குறிக்கும் அளவு. ஒரு கழி என்பது 840 கெஜம். ஒரு பவுண்டு எடையில் 20 கழிகள் அடங்குமானால் அது 20-ஆம் எண் நூல். 20-ஆம் எண் நூல் இரண்டு சேர்த்து முறுக்கிய ஈரிழை நூல் நம் வேலைக்கு ஏற்றது. இந்த ஈரிழை நூலில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 16,900 மீட்டர் நீளம் இருக்கும்.

சுருக்குப்பைக்கு ஏறத்தாழ 4 மி.மீ. பருமனுள்ள கயிறு போதும். இதற்குப் புரி ஒன்றுக்கு 24 இழை. மூன்று புரிக்கு 72 இழை. கருவிக்கும் சுழல்கொக்கிக்கும் நடுவே 9 மீட்டர் இடைவெளி வைத்துக்கொண்டால் ஒரு பாவுக்கு 648 மீட்டர் நூல் செலவாகும். முறுக்கேறும்போது நீளத்தில் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை குறையும். ஆகவே 9 மீட்டர் பாவில் 6 மீட்டர் கயிறு என்று கணக்கிடுவது பாதுகாப்பானது.

வாயகலம் 25 செ.மீ. உள்ள சுருக்குப்பைக்கு, இரு பக்கமும் இழுக்க 70 செ.மீ. கயிறு இரண்டு வேண்டும். 6 மீட்டரில் எட்டுக் கயிறுகள் கிடைக்கும். அதாவது நான்கு பைகளுக்கு ஆகும். சேதம் போக, ஒரு கிலோ நூலில் 25 பாவு எடுக்கலாம். ஆக, ஒரு கிலோ நூல் 100 பைகளுக்குக் கயிறாகிறது. நூல் விலையையும் சாய விலையையும் நூறால் வகுத்தால் ஒரு பைக்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அதைக் கடையில் வாங்கும் கயிற்றின் விலையோடு ஒப்பிட்ட பிறகே தொழிலில் இறங்க வேண்டும்.

நெசவாளர் ஊர்களில் இருப்பவர்களுக்கு இங்கு ஒரு குறிப்பு. பவானியில் ஜமக்காளமும் சென்னிமலையில் போர்வையும் நெய்யும் தறிகளைப் போலவே, எந்தத் தறியிலும் பாவு முடியும்போது அச்சுக்கும் விழுதுக்கும் அருகே சிறிது நூல் எஞ்சும். அதைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். ஆனால் அந்நூல் துண்டு துண்டானது. முடிச்சிட்டு நீட்டிக் கயிறு திரித்தால் முடிச்சுகள் வெளியே துருத்தி நிற்கும். நீளக் கயிற்றுக்குப் புதுநூலையும், குஞ்சலத்துக்கும் ஒரு சாண் அளவுள்ள சிறு கயிறுகளுக்கும் கழிவு நூலையும் பயன்படுத்துவதே முறை.

சாயச் சோதனை

சாய நூல் வாங்கியவுடன், ஒரு துண்டைச் சோப்பு நீரில் நனைத்து, வெள்ளைத் துணியின் மடிப்பில் வைத்து, இரவு முழுவதும் பாரத்தின்கீழ் அழுத்தி வைக்க வேண்டும். காலையில் வெள்ளைத் துணியில் நிறம் படிந்திருந்தால் அந்நூலை ஒதுக்கிவிட வேண்டும். இதைக் கவனியாமல் நாமே ஒருமுறை இடர்ப்பட்டிருக்கிறோம். மஞ்சள் பைகளுக்குச் சிவப்புக் கயிறு எடுப்பாக இருக்குமென்று கோத்து அனுப்பினோம். முதல் சலவையிலேயே சிவப்பு இறங்கிப் பையின் வாயெல்லாம் கறையாயிற்று. கயிறு வலுவாகத்தான் இருந்தது. ஆயினும் பைகள் யாவும் திரும்பி வந்தன. கயிற்றின் குற்றத்துக்காகப் பை தைத்தவர்களின் கூலியும் வீணாயிற்று. ஒரு நாள் சோதனைக்குச் சோம்பியதன் விலை அது.

திரிக்கும் முறை

இவ்வேலைக்கு மூவர் வேண்டும்: கருவியைச் சுழற்ற ஒருவர், புரிகட்டையைப் பிடிக்க ஒருவர், சுழல்கொக்கியைக் கவனிக்க ஒருவர். புதிதாகக் கற்பவர்கள் 3 மீட்டர் பாவில் தொடங்கி, கை பழகிய பிறகு 9 மீட்டருக்குச் செல்லலாம்.

முதலில் நூலை முதற் கொக்கியில் கட்டி, சுழல்கொக்கிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒருமுறை போய் வந்தால் இரண்டு இழை. பன்னிரண்டு முறை போய் வந்தால் 24 இழை. இவ்வாறே மற்ற இரு கொக்கிகளுக்கும் பாவு ஓட வேண்டும். இழைகளின் விறைப்பு ஒரே அளவில் இருத்தல் அவசியம். எண்ணிக்கையை வாய்விட்டு எண்ணுவதே நல்லது.

எத்திசையில் சுழற்றுவது என்பது அடுத்த கேள்வி. ஓர் இழையைக் கொக்கியில் மாட்டி, இரு திசைகளிலும் சிறிது சுழற்றிப் பார்த்தால், ஒரு திசையில் நூல் இறுகும். மறுதிசையில் பிரிந்து பஞ்சுபோல் விரியும். இறுகும் திசையே நமக்கு வேண்டிய திசை. அதைச் சுழற்றுப்பலகையில் அம்புக்குறியாக எழுதி வைத்துக்கொண்டால் பின்னர்க் குழப்பம் நேராது.

இப்போது சுழல்கொக்கி சுற்றாதவாறு பிடித்துக்கொண்டு, சுழற்றுப்பலகையைச் சீராகச் சுழற்ற வேண்டும். 9 மீட்டர் பாவுக்குப் பல நூறு சுற்றுகள் தேவைப்படும்; ஆகவே ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு சுழற்றலாம். செங்கற்பலகை முன்னோக்கி நகர்ந்த தூரமே நமக்கு அளவுகோல். அது முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை நகர்ந்ததும் நிறுத்த வேண்டும்.

பிறகு புரிகட்டையைச் சுழல்கொக்கியின் அருகே வைத்து, ஒரு பள்ளத்துக்கு ஒரு புரியாக மூன்றையும் அமர்த்த வேண்டும். கட்டையின் சிறுத்த முனை சுழல்கொக்கியை நோக்கியிருக்க வேண்டும். இனிச் சுழல்கொக்கியை விட்டுவிடலாம். விட்ட கணமே அது தானாகச் சுழன்று, சிறுத்த முனைக்குப் பின்னால் மூன்று புரிகளும் கூடிக் கயிறாகும். கயிறு வளர வளரப் புரிகட்டை கருவியை நோக்கி நகரும். அதைத் தள்ளலாகாது; அது நம்மைத் தள்ளிக்கொண்டு வரும்படி, சற்றே தடுத்துப் பிடித்து உடன் நடந்தால் போதும். இதே வேளையில் கருவியைச் சுழற்றுபவர் நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கயிறாகும்போது புரிகளில் குறையும் முறுக்கை இச்சுழற்சிதான் ஈடுசெய்கிறது.

கட்டை கருவியை அடைந்ததும், கயிற்றின் முனையை நூலால் இறுகக் கட்டிக் கொக்கிகளிலிருந்து விடுவிக்க வேண்டும். மறுமுனையில் சிறு பாரம் கட்டி உயரத்திலிருந்து தொங்கவிட்டால், எஞ்சிய முறுக்குக்கு ஏற்பக் கயிறு சிறிது சுழன்று தானே நிற்கும். பின்பு லேசாக ஈரம் தெளித்து, இழுத்துக் கட்டி, நிழலில் ஓரிரவு உலர்த்தினால் முறுக்கு நிலைபெறும். கயிற்றை வெட்டுமுன், வெட்டும் இடத்தின் இரு பக்கமும் நூலால் நெருக்கிச் சுற்றிக் கட்ட வேண்டும். கட்டாமல் வெட்டினால் அரை நாள் உழைப்பு அரை நொடியில் பிரிந்து போகும்.

நிறமும் குஞ்சலமும்

மூன்று புரிகளும் மூன்று நிறமாயிருந்தால் கயிற்றில் சாய்வரிகள் தோன்றும். இரண்டு ஒரு நிறமும் ஒன்று வேறு நிறமுமாயிருந்தால் ஒரு வரி மட்டும் எடுப்பாகச் சுற்றி வரும். ஒரே புரிக்குள் இரு நிற இழைகளைக் கலந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். சரிகையைப் புரிக்குள் சேர்த்து முறுக்கலாகாது. அது இழுவிசையைத் தாங்காது. கயிறு முடிந்த பின், புரிகளுக்கிடையே உள்ள பள்ளத்தில் சரிகையைச் சுற்றிப் பதித்தால் மினுக்கும் இருக்கும். கயிற்றின் வலிமையும் குறையாது.

குஞ்சலத்துக்கு, கழிவு நூலை 10 செ.மீ. அகலமுள்ள அட்டையில் நாற்பது ஐம்பது சுற்றுச் சுற்றி, மேல்முனையைக் கயிற்றின் நுனியோடு சேர்த்துக் கட்டி, கீழ்முனையை வெட்ட வேண்டும். மேல்முனையிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிக் கழுத்துப்போல் இறுகச் சுற்றிக் கட்டி, அடிப்பக்கத்தைச் சமமாகக் கத்தரித்தால் குஞ்சலம் தயார்.

குறைகளும் காரணங்களும்

ஒரு புரி மட்டும் புடைத்து நின்றால், அது மற்றவற்றைவிட நீண்டு தளர்ந்திருந்தது என்று பொருள். பாவு ஓடும்போது விறைப்பு வேறுபட்டிருக்கும். கயிறு சொதசொதவென்று மென்மையாயிருந்தால் முறுக்குப் போதாது. கையில் விறைத்து வளைய மறுத்தால் முறுக்கு மிகுதி. ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் அகலமாகவும் சுற்று விழுந்தால், புரிகட்டையைப் பிடித்தவர் ஒரே வேகத்தில் நகரவில்லை. புரியில் சுருள் முடிச்சு விழுந்தால் விறைப்புத் தளர்ந்திருக்கிறது. செங்கல்லின் பாரத்தைக் கூட்ட வேண்டும். கயிற்றின் பருமனை இரட்டிக்கும்போது, மீட்டருக்கு இடும் சுற்றுகளைப் பாதியாகக் குறைத்தால்தான் அதே சாய்வு கிடைக்கும் என்பதையும் மறக்கலாகாது.

எதற்கு ஆகும்? எதற்கு ஆகாது?

சுருக்குப்பை, துணிப்பையின் காது, திரைச்சீலையைக் கட்டும் கயிறு, சடைக்குஞ்சலம், மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்தில் மணி கோத்துக் கட்டும் கயிறு ஆகியவற்றுக்கு இது மிகவும் ஏற்றது. கடினமான நைலான் கயிறு மாட்டின் தோலில் உராய்ந்து புண்ணாக்குவதை மாடு வளர்ப்போர் அறிவர், பருத்தி மெத்தென்றிருக்கும். ஆயினும் இது அலங்காரக் கயிறே. மாட்டைப் பிணைத்துக் கட்டுவதற்கோ, ஊஞ்சலுக்கோ, தொட்டில் தொங்கவிடுவதற்கோ, கிணற்று வாளிக்கோ இதைப் பயன்படுத்தலாகாது. கைக்குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் நீளக் கயிறோ வளையமோ தொங்கவிடவும் கூடாது. அது கழுத்தில் சுற்றி உயிருக்கே தீங்காகும். திரைச்சீலைக் கயிற்றை விற்கும்போது இதை எடுத்துச் சொல்லுவது விற்பவர்களின் கடமை. வேலை செய்யும்போது கருவியருகே முன்தானையைச் செருகிக்கொண்டும், கூந்தலை முடிந்துகொண்டும் இருக்க வேண்டும்.

கூலியும் பங்கீடும்

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் ஏற்பட்டது. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அதன் துணையோடு தொடங்கப்பட்டன. அன்று முதல் குழுக்கள் கற்ற பாடங்களில் முக்கியமானது, கணக்கு எழுதாத தொழில் நிலைக்காது என்பது. கயிற்றுத் தொழிலுக்கும் இது பொருந்தும். முதல் நாள் வேலையை வைத்துக் கூலியைக் கணக்கிட வேண்டாம். கை பழகிய பிறகு, ஒரு மணி நேரத்தில் எத்தனை பாவு முடிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். நூல் ஓடுதல், உலர்த்துதல், முனை கட்டுதல் ஆகியவற்றுக்கான நேரத்தையும் சேர்க்க வேண்டும். இந்நேரத்துக்குரிய கூலி கிடைக்காத விலைக்குக் கயிற்றை ஒப்புக்கொள்ளலாகாது. தனிக் கயிறாக விற்றால் லாபம் சொற்பம். தாமே தைத்த பையில் கோத்து விற்றால் வெளியே போகும் காசு குழுவிலேயே நிற்கும்.

பங்கீட்டில் ஒரு தவறு நேர்வதுண்டு. புரிகட்டை பிடிப்பவரின் கையில் கயிறு உருவாவதால் அவரையே தொழிலாளி என்று எண்ணி, சுழற்றுபவருக்கும் கொக்கியைக் கவனிப்பவருக்கும் குறைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சுழற்றுபவரின் கை ஒரு நொடி நின்றால் கயிறு தளர்ந்துவிடும். கொக்கியைக் கவனிப்பவர் அயர்ந்தால் புரி சுருண்டுவிடும். மூவரும் இடம் மாற்றிக்கொண்டு மூன்று வேலைகளையும் கற்று, கூலியைச் சமமாகப் பகிர்ந்துகொள்வதே நியாயம். ஒருவர் வராத நாளில் வேலை நிற்காதென்பது இதனால் கிடைக்கும் மற்றொரு லாபம்.

முதலில் திரித்த கயிற்றை விற்க வேண்டாம். அதில் ஒரு முழம் வெட்டி, இழை எண்ணிக்கையையும் பாவு நீளத்தையும் முடிந்த நீளத்தையும் ஓர் அட்டையில் எழுதிக் கட்டி, கருவியருகே ஓர் ஆணியில் மாட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு புதுக் கயிற்றையும் அதனருகே பிடித்துப் பார்த்து, அதைவிடத் தாழ்ந்திருந்தால் பிரித்து மறுபடியும் திரிக்கலாம். சில வாரங்களில் அந்த முதற் கயிறே கோணலாகத் தோன்றும். அன்று அதைக் கழற்றிவிட்டு, நல்லதொன்றை அதே ஆணியில் மாட்டலாம்.